டைல்ஸ் குளமும் பாசிப் பீலியும்

பொகவந்தலாவைப் பக்கம் டியன்சின் பங்களா, 1888இல் துரைமாருக்காகக் கட்டினது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுக்குப் போச்சு. 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கையில். 2005இல் பங்களா சொகுசு விடுதியானது. இப்படி விடுதியான பங்களாக்கள் பலதில் இன்னைக்கு நீச்சல்குளம்.

குளத்து டைல்ஸுக்கு எவ்வளவு கவனம் பாருங்க! 0.5 சதவீதத்துக்கு மேல தண்ணி உறிஞ்சாத போர்சலின். படியில கால் வழுக்காத சொரசொரப்பு. நம்ம மலைத்தண்ணியில சுண்ணாம்பு குறைவு. அதனால டைல்ஸ் இடுக்குச் சாந்தை மெல்ல அரிக்கும். பி.எச். 7.2க்கும் 7.6க்கும் நடுவுல நிக்கணும். பாசி பிடிக்கவே விடக்கூடாது.

லயத்துக்குக் கீழே பீலியில, கொழுந்து நிறுத்துட்டு வர்ற அம்மாமார் குளிக்கிறது வெறும் கல்லு மேல. மழைக்காலத்தில வழுக்கி விழாதவங்க யாரு? அந்தப் பாசியைத் தேங்காய் நாரால தேய்க்கிறதும் அவங்களேதான், ஞாயிற்றுக்கிழமை லீவுல.