மல்லியும் ஜிகர்தண்டாவும்: மூக்கும் நாவும், ஓர் ஒப்பாய்வு

மதுரை என்றதும் வெளியூர்க்காரர் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மல்லி. மற்றொன்று, வெயிலில் அலைந்தவர்கள் விளக்குத்தூண் பக்கம் தேடிப்போய்க் குடிக்கும் ஜிகர்தண்டா. பூ மூக்குக்கு, பானம் நாவுக்கு என்று நாம் பங்கு பிரித்துவிட்டோம். இரு புலன்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தப் பங்கீடு நாவுக்கு அளவுக்கு மீறிப் பெருமை கொடுப்பது தெரியும்.

இரண்டும் செய்வது ஒரே வேலைதான்: வெளியிலிருந்து வரும் வேதிப்பொருள் இன்னதென்று கண்டறிவது. ஆனால் பொருள் வந்துசேரும் வழி வேறு. நாவுக்கு அது எச்சிலில் கரைந்து வரவேண்டும். மூக்குக்குக் காற்றில் ஆவியாக வரவேண்டும்.

திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரத் தோட்டங்களில் மல்லியை விடிகாலையில் மொட்டாகவே பறித்து மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு அனுப்புவார்கள். மொட்டாக இருக்கும்வரை மணம் அடங்கியே இருக்கும். மாலையில் இதழ் விரியும்போதுதான் பென்சைல் அசிடேட், லினலூல், இண்டோல் போன்ற ஆவிகள் கிளம்புகின்றன. அவை நாசியின் மேற்கூரையில் சில சதுர சென்டிமீட்டர் அளவேயுள்ள சவ்வைத் தொடுகின்றன. அங்குள்ள நரம்பு செல்களில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உண்டு. மல்லிக்கென்று தனி ஏற்பி கிடையாது. ஒவ்வொரு மூலக்கூறும் பல ஏற்பிகளைத் தூண்டும். ஒவ்வோர் ஏற்பியும் பல மூலக்கூறுகளுக்கு இணங்கும். எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து தூண்டப்பட்டன என்ற சேர்க்கையைத்தான் மூளை மல்லி என்று அறிகிறது. இண்டோலைத் தனியே செறிவாக முகர்ந்தால் மலநாற்றம் அடிக்கும். பூவில் அது சிறிதளவாக மற்றவற்றோடு கலந்து வரும்போது, மல்லிக்கே உரிய அழுத்தத்தைத் தருகிறது. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நாவின் கணக்கு சிறியது. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, இவற்றோடு 1908-இல் ஜப்பானின் கிகுனே இக்கேடா இனங்கண்ட உமாமி என ஐந்தே சுவைகள். நுனிநாவில் இனிப்பு, அடிநாவில் கசப்பு என்று பாடப்புத்தகங்கள் வரைந்துகாட்டிய வரைபடம் தவறு. சுவை அரும்பு இருக்கும் இடமெல்லாம் ஐந்தும் தெரியும். நம் அறுசுவையில் வரும் கார்ப்பும் துவர்ப்பும் சுவை அரும்பின் வேலையல்ல. மிளகாயின் காரம், சூட்டையும் வலியையும் உணரும் நரம்பைத் தூண்டுவது. அதற்கான ஏற்பியை 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழு அடையாளம் கண்டது. வாழைப்பூவின் துவர்ப்பு, எச்சில் புரதத்தோடு டானின் பிணைவதால் வாயில் ஏற்படும் வறட்சி.

அளவிலும் மூக்கே நுட்பமானது. தண்ணீரில் சர்க்கரை இனிக்க லிட்டருக்குச் சில கிராம் வேண்டும். சமையல் எரிவாயுவில் கசிவைக் காட்டிக்கொடுக்கச் சேர்க்கும் எத்தில் மெர்காப்டனோ, காற்றில் 100 கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தட்டுப்படும்.

நாவின் தீர்ப்பு பிறவியிலேயே வருவது. பிறந்த குழந்தை இனிப்புக்கு முகம் மலரும். கசப்புக்கு முகம் சுளிக்கும். சர்க்கரை உணவு, கசப்பு நஞ்சாக இருக்கலாம் என்பது உடம்பு பிறக்கும்போதே கொண்டுவந்த எச்சரிக்கை. மூக்கின் விருப்பு வெறுப்புகளோ பெரும்பாலும் பழக்கத்தில் வளர்பவை. கருவாட்டு மணம் ஒரு வீட்டுக்குப் பசியைக் கிளப்பும், அடுத்த வீட்டுக்குக் குமட்டும். நரம்புப் பாதையும் இதற்கேற்றபடியே அமைந்திருக்கிறது. சுவைச் செய்தி மூளைத்தண்டு, தலாமஸ் என்று படிப்படியாக ஏறிப் பெருமூளையை அடைகிறது. மணம் தலாமஸில் காத்திராமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு நேரே போய்விடுகிறது. அதனால்தான் மல்லி வாசனையில் ஒரு பழைய கல்யாண வீடே நினைவில் எழுகிறது.

பழகினால் இரண்டும் மங்கும். நாளெல்லாம் பூக்கடையில் இருப்பவருக்குப் பூ மணப்பதில்லை. அல்வா தின்ற வாய்க்குக் காபி இனிப்பதில்லை.

இப்போது ஜிகர்தண்டாவுக்கு வருவோம். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். இனிப்பு நாவுக்கு. கடல்பாசிக்குச் சுவையும் மணமும் இல்லை என்றே சொல்லலாம்; வழுக்கிக்கொண்டு இறங்கும் அந்தச் சுகம் தொடுவுணர்வு. நன்னாரி முழுக்க முழுக்க மூக்கின் சொத்து. அதன் வேரில் மணப்பது வெனிலினுக்கு மாற்றியமான ஒரு மூலக்கூறு. அணுக்கள் அதே எண்ணிக்கை, அடுக்கு மட்டும் வேறு. இரண்டின் வேறுபாட்டையும் மூக்கு உடனே சொல்லிவிடும். சோதிக்க வேண்டுமானால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு நன்னாரி சர்பத்தில் ஒரு வாய் குடியுங்கள். வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான். விரலை எடுத்து மூச்சை வெளியே விட்டதும் நன்னாரி வந்து நிற்கும். வாயிலிருந்து தொண்டை வழியாகப் பின்புறமாக நாசிக்கு ஏறும் ஆவி அது. வாயில் நிகழ்வதால் அதை நாவின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

குளிர்ச்சி இரு புலன்களையும் மட்டுப்படுத்தும். சில்லென்று இருக்கும்போது இனிப்பு ஏற்பியின் செய்தி தளர்கிறது, ஆவியும் குறைவாகவே எழுகிறது. அளவாக இனித்த அதே ஜிகர்தண்டா உருகிச் சூடேறினால் திகட்டுவது இதனால்தான்.

மொத்தத்தில், நாவு உடம்பின் காவல்காரன். சாப்பாட்டின் ருசியில் பெரும்பங்கு மூக்கினுடையது. ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் பரிசோதனை செய்துகொள்ளும் நாம் மூக்கை எண்ணுவதே இல்லை. கொரோனா காலத்தில் மணம் போனவர்கள்தான் அதன் அருமையை அறிந்தார்கள். மூக்கின் நரம்பு செல்கள் புதிதாக முளைக்கக்கூடியவை. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் நாள்தோறும் காலையும் மாலையும் கவனித்து முகர்வது பலருக்கு உதவுகிறது என்பதை ஜெர்மனியின் தாமஸ் ஹும்மல் குழு 2009-இல் காட்டியது. முதுமையில் மணம் குறைவது இயல்புதான். சிலருக்கு அது பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கும். வீட்டுப் பெரியவர் சாப்பாட்டில் ருசியே இல்லை என்று சொன்னால் சமைத்த கையைக் குறை சொல்லாதீர்கள். எரிவாயு கசிந்தால் அவருக்குத் தெரியுமா என்று பாருங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அவரை அழைத்துப் போங்கள்.