வங்கத்துக் குளிர்காலப் பலகாரங்களும் அன்பளிப்புகளும்

பிப்ரவரி பிறந்துவிட்டால் கரக்பூர் கோல் பஜாரில் இதய வடிவான சிவப்புப் பெட்டிகள் வரிசையாக அடுக்கப்படுவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். நம் காலனிப் பிள்ளைகள் அவற்றை வாங்குவதைப் பெரியோரில் சிலர் கண்டிக்கின்றனர்; சிலர் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுகின்றனர். அந்த வழக்கில் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. நாம் குடியேறி வாழும் இந்த மண்ணில், குளிர்காலந்தோறும் வீட்டிலேயே செய்து பிறர்க்கு அன்போடு அளிக்கப்பெற்ற பொருள்கள் எவை, அவற்றைச் செய்த கைகள் எவருடையவை என்பதைச் சரித்திர நோக்கில் சற்றே காண்போம்.

பிப்ரவரி 14 வாலண்டைன் என்னும் கிறிஸ்தவ அடியாரின் நினைவு நாள். அதனைக் காதலோடு பிணைத்தவர் 14-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவி சாஸர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை. 1860-களில் ரிச்சர்டு காட்பரி இதய வடிவப் பெட்டியில் சாக்லேட்டை அடைத்து விற்கலானார். நம் தேசத்தில் இவ்வழக்கம் பரவியது 1990-களுக்குப் பின்னரே. ஆனால் வங்காளி இளைஞர்க்கு அதற்கு முன்னரே ஒரு நாள் உண்டு. மாக மாதத்து வளர்பிறைப் பஞ்சமியில் வரும் ஸரஸ்வதி பூஜையே அது. நாம் நவராத்திரியில் கலைமகளை வழிபடுகின்றோம். இவர்களோ குளிர் தணிந்து பலாச மரம் பூக்கும் வேளையில் வழிபடுகின்றனர். பள்ளிப் பெண்கள் மஞ்சள் சேலை உடுத்துவர். ஆண் பிள்ளைகள் தம் பள்ளிப் பூஜைக்கு அழைப்பிதழ் கொடுக்கும் சாக்கில் பெண்கள் பள்ளிக்குள் நுழைவர். புத்தகங்களைத் தேவியின் திருவடியில் வைத்துவிடுவதால் அன்று எவரும் படிக்கச் சொல்வதற்கில்லை. பூஜைக்கு முன் இலந்தைப் பழம் உண்டால் பரீட்சையில் தோற்போம் என்பது மாணவரின் அச்சம். (வேறு எந்தச் சாஸ்திரத்தையும் மதியாத நம் பையன்கள் கூட இதை மட்டும் மீறுவதில்லை.) 2024-ஆம் ஆண்டில் ஸரஸ்வதி பூஜையும் வாலண்டைன் தினமும் ஒரே நாளில் வந்தன.

இக்காலத்து இனிப்புகளுக்கெல்லாம் தாய் ஒன்று உண்டு. அதன் பெயர் நோலன் குர். புது வெல்லம் என்பது அதன் பொருள் என்பர். ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுப்பது அது. வெல்லத்தைக் குறிக்கும் குடம் என்னும் வடசொல்லிலிருந்தே கௌட நாடு என்னும் வங்கத்தின் பழம்பெயர் வந்தது எனக் கூறும் சொல்லாராய்ச்சியாளரும் உளர்.

பனைநாட்டில் பிறந்த நமக்கு இத்தொழில் பாதி தெரிந்தது, பாதி புதிது. நம் பனையேறி பாளையைச் சீவிக் கலயம் கட்டுகின்றான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகின்றான். கோடையே அவனுக்குப் பருவம். வங்கத்தில் ஷியுலி என்னும் மரமேறி, பாளையைத் தொடுவதில்லை. மரத்தின் கொண்டைக்குக் கீழே, தண்டின் ஒரு பக்கத்தைச் சீவி, சில நாள் ஆறவிட்டு, மூங்கிற்குழல் ஒன்றைப் பொருத்தி, அதன் கீழ்ப் பானையைத் தொங்கவிடுகின்றான். மாலையில் கட்டி, விடியுமுன் இறக்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் சாறு புளித்துப்போகும். ஆகையால் குளிரே இத்தொழிலின் முதல். சில நாள் இறக்கியபின் சில நாள் மரத்துக்கு ஓய்வு தருவர். ஓய்வுக்குப் பின் முதல் நாள் வடியும் சாற்றுக்கு ஜிரான் என்று பெயர். வெல்லத்தில் தலைசிறந்தது அதிலிருந்து வருவதே. ஓராண்டு சீவிய பக்கத்தை மறு ஆண்டு சீவாது எதிர்ப்பக்கத்தைச் சீவுவதால், மரம் மாறி மாறி வெட்டுண்டு படிக்கட்டுப் போல் நிற்கும். அவ்வடுக்களை எண்ணினால் அம்மரம் எத்தனை ஆண்டு வங்கத்தாருக்கு இனிப்பு ஊட்டியது என்று கூறிவிடலாம்.

இறக்கிய பச்சைச் சாற்றைக் குடிப்பது இங்குள்ளோர்க்குப் பிரியம். நம் குடும்பத்தார் அதைத் தவிர்ப்பதே நன்று. இரவில் பழந்தின்னி வௌவால்கள் பானையில் வாய் வைப்பதால் நிப்பா என்னும் கொடிய நோய் பரவக்கூடும் என்பதை வங்கதேசத்தில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. காய்ச்சிய வெல்லத்துக்கு இந்த அச்சமில்லை.

சாறு இறக்குவது ஆணின் வேலை. காய்ச்சுவது பெரும்பாலும் அவன் வீட்டுப் பெண்ணின் வேலை. ஒரு கிலோ வெல்லத்துக்கு ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் சாறு வேண்டும். அகன்ற தட்டத்தில் ஊற்றி, சருகும் ஓலையும் இட்டு எரித்து, நுரையை வழித்துக்கொண்டே, பதம் வரும்வரை அடுப்பை விட்டு அகலாமல் நிற்கவேண்டும். சற்று முந்தினால் இளகும். சற்றுப் பிந்தினால் கருகும். தட்டத்தின் ஓரத்தில் சிறிது பாகைத் தேய்த்துத் தேய்த்து வெண்மையாக்கி, அதனை வித்தாக மீதியில் கலந்தால்தான் கட்டி வெல்லமாகிய பட்டாலி உறையும். இந்தத் தேய்ப்பின் கணக்கு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. மாமியார் கையைப் பார்த்து மருமகள் கற்றதே.

இவ்வுண்மையை நெஞ்சில் தைக்கும்படி கூறியவர் வங்க எழுத்தாளர் நரேந்திரநாத் மித்ரா. அவருடைய 'ரஸ்' என்னும் சிறுகதையில், மரமேறி ஒருவன் வெல்லம் காய்ச்சுவதில் வல்லவளான ஒரு கைம்பெண்ணை மணக்கின்றான். அன்பினாலன்று, அவள் கைவண்ணத்தால் பணம் சேர்த்து, அழகிய இளம்பெண் ஒருத்திக்குப் பரிசப்பணம் கட்டுவதற்காகவே மணக்கின்றான். பணம் சேர்ந்ததும் முன்னவளைத் தள்ளிவிடுகின்றான். புதியவளுக்கோ பாகின் பதம் கைவரவில்லை. சந்தையில் அவன் பெயர் கெடுகின்றது. இறுதியில் சாற்றுப் பானைகளுடன் பழைய மனைவியின் வாசலில் போய் நிற்கின்றான். 1973-இல் நூதனும் அமிதாப் பச்சனும் நடித்து 'சௌதாகர்' என்னும் ஹிந்திப் படமாக இக்கதை வந்தது. காதலர் தினத்தன்று காண்பதற்கு இதனினும் தக்க படம் உண்டென்று நாம் நினைக்கவில்லை.

பௌஷ சங்கராந்தியன்று, அதாவது நாம் பொங்கலிடும் அதே வேளையில், இவ்வெல்லம் அரிசி மாவோடும் தேங்காய்த் துருவலோடும் கூடிப் பிட்டே என்னும் பலகாரம் ஆகின்றது. அவற்றுள் ஆவியில் வேகும் புலி பிட்டேயை நம் பெண்கள் பார்த்தால் கொழுக்கட்டை என்றே சொல்வர். பூரணமும் அதுவே, வடிவம் மட்டும் சற்று நீண்டது. காலனியில் சுவருக்கு அப்பாலிருந்து வரும் பிட்டே தட்டு, சர்க்கரைப் பொங்கலோடு திரும்பிச் செல்வது இங்குள்ள நெடுநாள் வழக்கம். தட்டை வெறுமையாகத் திருப்புவது இரு தரப்பாருக்கும் சம்மதமில்லை.

ஜெயநகரத்து மோவா என்னும் உருண்டையும் இப்பருவத்ததே. கனகசூர் என்னும் மணமுள்ள நெல்லைப் பொரித்து, நோலன் குர்ரில் பிசைந்து உருட்டுவது. 2015-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸியால்தாவிலிருந்து லக்ஷ்மிகாந்தபூர் லோக்கலில் ஏறினால் ஜெயநகருக்கு முந்திய நிலையம் பஹரு. மோவா பிறந்த ஊர் அதுவே என்று பஹருக்காரர் இன்னும் வாதிடுவர். சந்தன்நகர் ஜலபரா சந்தேஷின் வரலாறோ வேடிக்கையானது. கடித்ததும் உள்ளிருந்து பன்னீர் பீறிட்டு மாப்பிள்ளையின் சட்டையை நனைக்கவேண்டும் என்று ஒரு ஜமீன்தார் வீட்டார் கேட்க, சூர்ய குமார் மோதக் என்பவர் செய்து கொடுத்தார் என்பது கர்ண பரம்பரை. நுங்கின் வடிவில் அச்சிட்ட இனிப்பு இது. குளிர்காலத்தில் பன்னீருக்குப் பதில் இளகிய நோலன் குர் உள்ளே இருக்கும். அவ்வூர் 1950 வரை பிரெஞ்சுக்காரரிடம், புதுச்சேரிக் கவர்னரின் கீழ் இருந்தது என்பதும் நமக்கு நினைவிருக்கத்தக்கது.

கடை இனிப்பை விடுத்து வீட்டுக்கே திரும்புவோம். நம் மேதினிபூர்ச் சீமையின் பெருமை கயனா போடி. 'நகை வடகம்' என்று தமிழில் சொல்லலாம். தம்லுக், மஹிஷாதல் பகுதிகளில் பெண்கள் தோல் நீக்கிய உளுந்தை ஊறவைத்து அரைத்து, கை சலிக்க அடித்து, துளி மாவு நீரில் மிதக்கும் பதம் வந்ததும், துளையிட்ட துணியில் இட்டுப் பிழிவர். நம் ஜாங்கிரித் துணியேதான்! கசகசாவைப் பரப்பிய தட்டின்மேல் அட்டிகை, தோடு, மகுடம், மயில், சங்கு என உருவங்கள் விழும். இளவெயிலில் உலர்த்தவேண்டும், கடும் வெயிலில் வெடித்துவிடும், மூடுபனியில் நமத்துவிடும். 1930-இல் சாந்திநிகேதன் மாணவி சேபா மைதி, தன் தாய் ஹிரண்மயி தேவியும் பாட்டி சரத்குமாரி தேவியும் செய்த கயனா போடிகளை ரவீந்திரநாத தாகூருக்குக் காணிக்கையாக அளித்தாள். கவியரசர் அதன் அழகில் மயங்கி, அவற்றின் புகைப்படங்களைக் கலாபவனத்தில் வைத்துப் பாதுகாக்க அனுமதி வேண்டினார். எண்ணெயில் பொரித்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோகும் பொருளுக்கு இத்தகைய மரியாதை செய்தவரை நாம் வேறெங்கும் கேட்டதில்லை. செய்தவரின் பெயரும் தப்பிப் பிழைத்தது அதனால்தான்.

காந்தாவைப் பற்றியும் ஒரு சொல். நைந்த சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்த குளிர்ப்போர்வை அது. பிறக்கும் குழந்தைக்கும் மணமகனுக்கும் வீட்டுப் பெண்கள் மாதக்கணக்கில் தைத்து அளிப்பர். கல்கத்தா ஜோகாவிலுள்ள குருசதய் அருங்காட்சியகத்துத் தொகுப்பில் மானதாசுந்தரி என்பவள் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா ஒன்று புகழ்பெற்றது. அவள் தன் பெயரையும் ஊசியாலேயே எழுதி வைத்தாள்.

இன்றைய நிலை மகிழ்ச்சி தருவதன்று. ஈச்ச மரங்கள் செங்கற் சூளைக்கு விறகாகின்றன. குளிர் தாமதித்து வருகின்றது, முன்னதாகவே போகின்றது. ஷியுலியின் மகன் மரமேற விரும்பாமல் கேரளத்துக்கும் குஜராத்துக்கும் வேலை தேடி ரயிலேறுகின்றான். அவனைக் குறை கூற நமக்கு உரிமையில்லை, நம் முன்னோரும் அப்படி ரயிலேறியவர்களே. சாறு குறையவே, சீனியும் வாசனைத் திராவகமும் கலந்த போலிப் பட்டாலி சந்தையை நிரப்புகின்றது. பதம் அறிந்த கைகளுக்குக் கிடைக்கவேண்டிய கூலியைப் போலி தின்றுவிடுகின்றது. உயர்ந்த பட்டாலி மங்கிய பழுப்பு நிறமாய், விரலால் அழுத்தினால் உடையும். பளபளத்துக் கல் போல் இருந்தால் சீனி மிகுந்தது. விலை மிக மலிவாயிருந்தாலும் ஐயுறவேண்டும். பத்து லிட்டர்ச் சாற்றையும் ஒரு முழுக்காலை விறகையும் அவ்விலைக்கு எவரும் தர இயலாது.

ஊருக்கு அனுப்ப விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு. மோவா இரண்டு மூன்று நாளுக்கு மேல் மணம் தாங்காது. சென்னை மெயிலில் போய், அங்கிருந்து பஸ் மாறி, திருநெல்வேலி சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். இளகிய குர் பாட்டிலில் பொங்கி வழியும். பட்டாலியே பிரயாணத்துக்கு உகந்தது. காகிதத்தில் சுற்றித் தகர டப்பாவில் இட்டு, மற்றச் சாமான்களின் நடுவே வைக்கவேண்டும். மாசி முடிவதற்குள் வாங்கிவிடவேண்டும். பங்குனியில் ஷியுலி பானைகளை அவிழ்த்துவிடுவான்.