படத்துக்குக் கீழே எழுதுறது யாரு?

நம்ம சனங்களை மத்தவங்க போட்டோ எடுத்த வரலாறு ஏறக்குறைய நூற்றைம்பது வருசம். நம்ம சனங்களே கேமராவைக் கையில் எடுத்த வரலாறு ரொம்பக் குறைச்சல். பத்திரிகைப் படக்கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெளிச்சம், கோணம், லென்ஸ் என்று விரிவாகப் பேசுவார்கள். யார் எடுத்தது, யாரை எடுத்தது, படத்துக்குக் கீழே என்ன எழுதினான் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். நாம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைச் சூறையாடிய தாது வருசப் பஞ்சத்தில் கொத்துக் கொத்தாகச் செத்தது நிலமில்லாத கூலிச் சனம். அவர்களைப் படமெடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்கிற வெள்ளை ராணுவ அதிகாரி. எலும்பு துருத்திய ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் வரிசையாக உட்காரவைக்கப்பட்ட படங்கள் அவை. உலகத்துக்குப் பஞ்சத்தைக் காட்டியது அந்தப் படங்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பசித்தவர்களை உட்காரவைத்துப் படமெடுத்துவிட்டு அப்படியே அனுப்பினார் என்கிற குற்றச்சாட்டும் அவர்மீது உண்டு. அதே ஹூப்பர் 1886இல் பர்மாவின் மண்டலேயில் மரண தண்டனைகளைப் படமெடுத்தார். சுடுகிற நொடியைப் பிடிப்பதற்காகச் சுடும் உத்தரவையே தாமதிக்க வைத்தார் என்று புகார் எழுந்து, விவகாரம் லண்டன் நாடாளுமன்றம் வரை போனது. சாகப்போகிறவனின் உயிரைவிட படம் சரியாக விழுவது முக்கியம் என்கிற புத்தி அன்றே வந்துவிட்டது.

அடுத்தவர் எட்கர் தர்ஸ்டன். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தவர். கே. ரங்காச்சாரியின் உதவியோடு 1909இல் அவர் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் படங்களும் உண்டு. அந்தப் படங்களில் நிற்கிற மனுசனுக்கு என்ன பேர்? பெரும்பாலும் தெரியாது. கீழே அச்சாகியிருப்பது சாதியின் பேர். ஒருத்தனை நிறுத்தி, அவன் பேரை அழித்து, சாதியை மட்டும் ஒட்டுகிற வேலையைக் கேமராவும் அச்சு எந்திரமும் சேர்ந்து செய்தன. ஊர் செய்ததைத்தான் அறிவியலும் செய்தது.

விடுதலைக்குப் பிறகு வந்த பத்திரிகைகளில் மட்டும் என்ன மாறியது? சேரிக்குள் கேமரா வரவேண்டுமென்றால் அங்கே தீ பிடிக்க வேண்டும், பிணம் விழ வேண்டும். 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அவர்கள் நெல் கூலியைக் கூட்டிக் கேட்டு நிமிர்ந்து நின்ற நாட்களின் படத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? கருகிப்போன குடிசைதான் கண்ணில் நிற்கிறது. போராடுகிற தலித் செய்தியில்லை, செத்த தலித்தான் செய்தி.

இதற்கெல்லாம் பதிலாகக் கேமராவே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. படம் நமக்கு சாட்சியும்கூட. கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக மலம் அள்ளிய குடும்பத்தில் பிறந்தவர் பெஜவாடா வில்சன். 1990களின் தொடக்கத்தில் அங்கிருந்த எடுப்புக் கக்கூஸ்களைப் படமெடுத்து மேலிடங்களுக்கு அனுப்பினார். அப்படி எதுவுமே இல்லை என்று சொல்கிறவனுக்கு முன்னால் வாய்ப்பேச்சு எடுபடாது, படம் எடுபடும். 1999 ஜூலை 23இல் திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போன 17 பேர் தாமிரபரணியில் உயிர் விட்டார்கள். பயந்து ஓடித் தண்ணியில விழுந்தாங்க என்று சொல்லப்பட்டது. ஆத்துக்குள் இறங்கியவர்களையும் விடாமல் போலீஸ் அடித்ததைக் கேமராக்கள் பதிந்திருந்தன. ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' என்கிற ஆவணப்படம் அந்த ஆண்டே இதை மக்கள் முன்னால் வைத்தது.

ஆக, கத்துக்கொள்ள வேண்டியது அவசியம். யாரிடம், எதை என்பதுதான் கேள்வி. 1984இல் அகமதாபாத்தில் சேவா தொழிற்சங்கம் நடத்திய பயிற்சியில், காய்கறி விற்கிற, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் வீடியோ கேமராவைப் பழகினார்கள். படம் பிடிக்கப் பள்ளிக்கூடச் சான்றிதழ் வேண்டாம் என்று அப்போதே நிரூபணமாகிவிட்டது. மும்பையில் சுதாரக் ஓல்வே மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களை வருசக்கணக்கில் பின்தொடர்ந்து படமெடுத்தார். இங்கே மதுரையில் மீன் விற்கிற தாயின் மகனான பழனிக்குமார், கடன் வாங்கிக் கேமரா வாங்கியவர். 2017இல் வந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். அந்தப் படத்தைத் திரையிடவிடாமல் பல ஊர்களில் போலீஸ் தடுத்ததே அதன் பலத்துக்குச் சான்று. பிறகு அவர் உழைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அம்மா கருக்கலில் எழுந்து வேலைக்குக் கிளம்புவதைப் பிள்ளை படமெடுக்கிறது. தர்ஸ்டனால் எடுக்க முடியாத படம் அது. ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு அம்மாவின் பேர் தெரியும், எந்தக் கால் வலிக்கிறதென்றும் தெரியும்.

இங்கே ஒரு சிக்கலையும் பேசியாக வேண்டும். குழிக்குள் இறங்கிய ஆளின் படம் இல்லையென்றால், "அவனாத் தவறி விழுந்துட்டான்" என்று ஒப்பந்தக்காரன் தப்பித்துக்கொள்வான். மலக்குழிச் சாவுக்கு 10 லட்சம் என்று 2014லும், 30 லட்சம் என்று 2023லும் உச்ச நீதிமன்றம் சொன்ன இழப்பீட்டை வாங்கவே ஆதாரம் தேவைப்படுகிறது. ஆனால் அதே படம் பேப்பரில் வந்தால், மறுநாள் அவர் மகளைப் பள்ளிக்கூடத்தில் எப்படிக் கூப்பிடுவார்கள்? முகத்தைக் காட்டுவதா, மறைப்பதா? இதைப் பத்திரிகை ஆசிரியரும் முடிவு செய்யக்கூடாது, படமெடுக்கிறவரும் முடிவு செய்யக்கூடாது. படத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். வேணாம்னு சொன்னா கேமராவைக் கீழே போடணும். எந்தப் படக்கலைப் பாடத்திலும் முதல் பாடமாக இது இருக்க வேண்டும்.

கேமராவைப் பிடிக்கக் கத்துக்கொடுக்கிறபோதே உட்கார்ந்து பேசவும், கேட்டு எடுக்கவும், எடுத்ததைக் கொண்டுபோய் அவர்களிடமே காட்டவும் கத்துக்கொடுக்க வேண்டும். வாளி, மம்பட்டி, கயிறு எல்லாம் படத்தில் இருக்கட்டும். அவர் சம்மதித்தால் கீழே அவர் பேரும், ஊரும், அன்றைக்கு வாங்கிய கூலியும் இருக்கட்டும். சாதியை எழுத வேண்டிய இடத்தில் அவரே சொல்லி எழுதட்டும். நூற்றைம்பது வருசமாக மத்தவன் எழுதியது போதும்.