திரையில் இடம், அரங்கில் இல்லை



பெங்களூரில் ஓசூர் சாலையை ஒட்டிக் கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் என இரண்டு சிற்றூர்கள் உண்டு. அவற்றின் நிலத்தில் 1978ஆம் ஆண்டு கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் தோற்றுவித்த தொழிற்பேட்டையே எலெக்ட்ரானிக் சிட்டி. கணிப்பொறியின் முன் அமர்வோர், காவல் காப்போர், கட்டட வேலை செய்வோர் என அங்கே பிழைப்பு நாடி வந்த தமிழர் பலர். கன்னடரும் மலையாளிகளும் தெலுங்கரும் அவர்க்கு அண்டை வீட்டார். மாலையில் களைப்பாற யாவரும் நாடுவது கையளவுத் திரையையே. அத்திரையில் எவர் முகம் அழகென்று போற்றப்படுகிறது, எவர் முகம் நகைப்புக்கு உரியதாகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அவ்வாறு எண்ணுவதற்கு, தமிழர்க்கும் மலையாளிகளுக்கும் பொதுவான ஒரு பெண்ணின் வரலாறு துணை செய்யும். அவர் பெயர் பி. கே. ரோசி.

மலையாளத்தின் முதல் திரைப்படம் ‘விகதகுமாரன்’. அது பேசாப் படம். அதை எடுத்தவர் அகஸ்தீசுவரத்தில் பிறந்த ஜே. சி. டேனியல். தம் நிலத்தை விற்றுப் பொருள் திரட்டி, 1920களின் இறுதியில் திருவனந்தபுரத்தில் படப்பிடிப்பைத் தொடங்கினார். பெண்கள் நடிப்பது இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. காக்காரிசி நாடகங்களில் நடித்துப் பழகியிருந்த ரோசி நாயகியாக நடிக்க முன்வந்தார். அவர் புலையர் குலத்தில் பிறந்தவர். ஏற்ற வேடமோ சரோஜினி என்னும் நாயர் குலப் பெண்ணின் வேடம்.

இதில் கொந்தளிக்க என்ன இருக்கிறது என்று இன்று கேட்கத் தோன்றும். அன்றைய திருவிதாங்கூரில் ஒருவர் உடுத்தும் உடையே அவர் குலத்தைப் பறைசாற்றியது. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடினர். 1859இல் அரசு அதற்கு இணங்கியது. எனினும், உயர்குலப் பெண்டிரைப் போல் உடுத்தலாகாது என்ற தடையை நீக்கவில்லை. 1893இல் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் சென்றதே ஒரு போராட்டம் ஆயிற்று. ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்ததோ 1936இல். ரோசி நடித்தது அதற்கும் முன்பு. புலையர் மகள் ஒருத்தி நாயர் மகளாக உடுத்தித் திரையில் உலவுவது மேற்குலத்தார் பலருக்குப் பொறுக்க இயலாததாயிற்று.

அதன் விளைவைப் பிற்காலத்தில் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன், குன்னுக்குழி எஸ். மணி முதலியோர் திரட்டிய செய்திகளால் அறிகிறோம். கேபிடல் அரங்கில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது, ரோசி உள்ளே வந்தால் தாம் வரமாட்டோம் என்று பெரிய மனிதர்கள் கூறினர். நாயகி வெளியே நிறுத்தப்பட்டார். படம் ஓடத் தொடங்கியதும் திரையின்மேல் கற்கள் விழுந்தன. அவர் குடிசைக்கும் தீ வைத்தனர். ரோசி ஊரைவிட்டு ஓடி நாகர்கோவிலில் தஞ்சம் புகுந்தார். அவ்வூர் அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தது; 1956இல்தான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழ் வழங்கிய அவ்வூரில் ராஜம்மாள் என்ற பெயரோடு, நடிகை என்பதையே மறைத்து எஞ்சிய காலத்தைக் கழித்தார். அவர் மீண்டும் நடிக்கவேயில்லை.

கடல் கடந்த அமெரிக்காவிலும் இதுபோன்ற ஒரு நிகழ்ச்சி உண்டு. ‘கான் வித் தி விண்ட்’ என்னும் படம் 1939 டிசம்பரில் அட்லாண்டா நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதில் பணிப்பெண்ணாக நடித்த கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டானியல், நிறப்பாகுபாட்டுச் சட்டங்களின் காரணமாக அவ்விழாவிற்குச் செல்ல இயலவில்லை. 1940இல் அவ்வேடத்திற்காக ஆஸ்கர் பரிசு பெற்றார். அப்பரிசை வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அவ்விருந்திலும் அவருக்குத் தனியே ஒரு சிறு மேசைதான் கிடைத்தது. வானொலியிலோ நிலைமை இன்னும் விந்தையானது. பியூலா என்னும் கறுப்பினப் பணிப்பெண்ணின் குரலை முதலில் வழங்கியவர் ஒரு வெள்ளை ஆண்! 1947இல்தான் அப்பாத்திரம் மெக்டானியலின் கைக்கு வந்தது.

இருவர் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். மெக்டானியல் பணிப்பெண்ணாகத் தோன்றினார். திரை அவரை ஏற்றது. ரோசி தலைவியாகத் தோன்றினார். திரைமீது கல் விழுந்தது. தாழ்த்தப்பட்டவர் தாழ்ந்த வேடத்தில் தோன்றும்வரை சமூகம் சினங்கொள்வதில்லை. ஆதலின், ஒரு முகம் திரையில் தோன்றுகிறதா என்று கேட்பதோடு நில்லாமல், எவ்வேடத்தில் தோன்றுகிறது என்றும் கேட்டல் வேண்டும்.

அரங்கின் கதவைச் சட்டம் திறந்தது. பொதுக் கேளிக்கை இடங்களில் சாதி காரணமாக எவரையும் தடுத்தலாகாது என்று நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கூறுகிறது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதற்குத் தண்டனையும் விதித்தது. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் அதைச் செய்தது. வேடம் மாறுவதற்கோ நெடுங்காலம் தேவைப்பட்டது. சிறந்த கதாநாயகிக்கான ஆஸ்கர் பரிசு ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு, ஹாலி பெர்ரிக்கு, 2002இல்தான் கிட்டியது. நம் நாட்டிலோ 1975 முதல் வெண்மையையே அழகென்று விளம்பரப்படுத்திய ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் கிளர்ச்சி உலகை உலுக்கிய 2020இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறிற்று, மணமகள் சிவப்பாக இருக்கவேண்டும் என்னும் வேட்கை மாறிற்றா?

ரோசி நடித்த படச்சுருள் இன்று இல்லை. ஆயினும் 2019இல் கேரளத் திரைத்துறைப் பெண்கள் அவர் பெயரால் ஒரு திரைப்படக் கழகம் அமைத்தனர். 2023 பிப்ரவரி 10 அன்று கூகிள் நிறுவனம் தன் முகப்பில் அவர் உருவை வரைந்து சிறப்பித்தது.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. வடநாட்டுப் படங்களில் தமிழரைக் கோமாளியாகக் காட்டினால் நம் உள்ளம் புண்படுகிறது. அங்ஙனமாயின், தமிழ்ப் படத்தில் கருநிறப் பெண்ணையும் சேரிப் பெண்ணையும் வேலைக்காரியையும் காட்டிச் சிரிக்க வைக்கும்போது நாமும் சேர்ந்து சிரிக்கலாமா? அடுத்த முறை அத்தகைய காட்சி வரும்போது, பக்கத்தில் அமர்ந்து பார்க்கும் நம் பெண்மக்களின் முகத்தையும் சற்றே நோக்குவோமாக.