கண்டி முதல் பாகான் செராய் வரை: தூதர் சலெஸ்கியின் வரலாறு

தூதர் என்றதும் அரசவையும், உடன்படிக்கைகளும், விருந்துகளுமே பெரும்பாலோரின் நினைவுக்கு வரும். ஆனால் எந்த அரசனிடமும் அனுப்பப்படாத தூதர்களும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் தூதர்களில் அப்போஸ்தலிக்கப் பிரதிநிதி எனப்படுவோர் அத்தகையவர்கள். ஒரு நாட்டின் அரசாங்கத்திடமன்றி, அந்நாட்டுத் திருச்சபையிடமே பாப்பரசரின் சார்பில் அவர்கள் அனுப்பப்படுவர். அவ்வாறு 24 ஆண்டுகள் பணியாற்றியவர் அதிமேற்றிராணியார் லதிஸ்லாஸ் சலெஸ்கி. பேராக் மாநிலத்துத் தமிழ்க் கத்தோலிக்கரின் வரலாற்றோடும் அவருடைய பணிக்குத் தொடர்பு உண்டு.

சலெஸ்கி 1852-ஆம் ஆண்டு, அக்காலத்தில் ருஷ்யப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த லித்துவேனியாவில், போலந்து மொழி பேசும் குடும்பமொன்றில் பிறந்தார். ரோமாபுரியில் பயின்று திருச்சபையின் இராஜதந்திரத் துறையில் சேர்ந்தார். கீழ்த்திசை இந்தியாவுக்கென 1884-இல் முதன்முதலாக நியமிக்கப்பட்ட பிரதிநிதி அக்லியார்டியின் துணைவராக அவர் இந்தியாவுக்கு வந்தார்.

அப்போது இந்தியத் திருச்சபை பெரும் பூசலில் இருந்தது. ‘பதுரவாதோ’ என்னும் பழைய ஆதரவுரிமையின்படி, ஆயர்களை நியமிக்கும் பொறுப்பு தமக்கே உரியது என்று போர்ச்சுக்கல் அரசு வாதிட்டது. ரோமாபுரியோ தன் சொந்த மிஷனரிகளை அனுப்பி வந்தது. ஒரே ஊரில் இரு அதிகாரங்கள்; ஒரே தெருவில் இரு கட்சிகள். 1886-இல் கையெழுத்தான உடன்படிக்கை அப்பூசலைப் பெரும்பாலும் தணித்தது. அவ்வாண்டிலேயே பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் இந்தியாவில் முறையான மேற்றிராசனங்களை நிறுவினார்.

அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியாக 1888-இல் மலாக்காவின் பழைய மேற்றிராசனம் உயிர்ப்பிக்கப்பட்டு, புதுச்சேரி அதிமேற்றிராசனத்தின் மாகாணத்தோடு இணைக்கப்பட்டது. வங்கக் கடலுக்கு அப்பாலிருந்த பேராக்கின் தமிழ்க் கத்தோலிக்கர், திருச்சபை நிர்வாகத்தைப் பொறுத்தமட்டில், தாம் விட்டுவந்த தமிழகத்தோடு ஒரே குடையின் கீழ் வந்தனர். கப்பலேறியபோது ஊரும் உறவும் விட்டுப்போயின; கோயில் மட்டும் பழைய தொடர்பிலேயே நின்றது.

சலெஸ்கி 1892-இல் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். இலங்கையின் கண்டி நகரமே அவருடைய இருப்பிடமாயிற்று. ஐரோப்பிய மிஷனரிகளை மட்டுமே நம்பியிருக்கும் திருச்சபை வேரற்ற மரம் என்ற கருத்து அப்போது ரோமாபுரியில் வலுப்பெற்றிருந்தது. போரோ கலகமோ வந்து அயல்நாட்டார் வெளியேற நேர்ந்தால் மக்களுக்குக் குருமார் யார் என்ற கேள்வி எழுந்தது. 1893-இல் சிங்கராயர் பாப்பரசர் வெளியிட்ட நிருபம் சுதேசக் குருமாரை உருவாக்கும் கல்லூரிகளின் தேவையை வலியுறுத்தியது. அவ்வாண்டிலேயே கண்டியை அடுத்த அம்பிட்டியாவில் பாப்பரசரின் குருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. பெல்ஜிய நாட்டு இயேசு சபையார் ஆசிரியர்களாயினர். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர்கள் அங்கு வந்து ஒரே கூரையின் கீழ் பயின்றனர்.

கல்லூரியின் பயன் கைக்கு வரப் பல்லாண்டுகள் ஆகும். ஆயினும் கேரளத்தில் சலெஸ்கிக்கு விரைவிலேயே ஒரு வாய்ப்புக் கிட்டியது. தம் இனத்தவரே தமக்கு ஆயர்களாக வேண்டும் என்று சுரியானிக் கத்தோலிக்கர் நெடுங்காலமாகக் கேட்டு வந்தனர். 1896-இல் திருச்சூர், எர்ணாகுளம், சங்கனாச்சேரி என மூன்று பகுதிகள் வகுக்கப்பட்டு, அவற்றுக்கு மூன்று மலையாளிகள் நியமிக்கப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 25-ஆம் நாள் கண்டியில் சலெஸ்கியே அம்மூவரையும் ஆயர்களாக அபிஷேகம் செய்தார்.

அதே 1896-ஆம் ஆண்டில்தான் மலாக்காவின் ஆயராக ரெனே ஃபே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் நியமிக்கப்பட்டார். அதற்கு முன்னர் அவர் பேராக்கின் கிரியான் பகுதியிலுள்ள பாகான் செராயில் தமிழரிடையே பணியாற்றியவர். கரும்புத் தோட்டங்கள் நிறைந்திருந்த அவ்வட்டாரத்தில், தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நிலம் தேடி, அர்ச்சியசிஷ்ட சூசையப்பர் பெயரால் குடியிருப்பு ஒன்றை உருவாக்கியவர். கங்காணியின் பேரேட்டில் வெறும் பெயராயிருந்தவன் அங்கே தனக்கென ஒரு நிலமும், பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவும் உடையவனானான்.

ஆனால் இங்கேயே ஒரு வேறுபாட்டையும் காண வேண்டும். மலையாளிகளுக்கு மலையாளி ஆயர் கிடைத்த அவ்வாண்டில், பேராக் தமிழர்க்குக் கிடைத்தவர் தமிழரை அறிந்த பிரெஞ்சுக்காரர். தமிழகத்தின் நிலையும் அதுவே. சலெஸ்கி பதவியிலிருந்த காலம் முழுவதும், 1899-இல் கும்பகோணம் மேற்றிராசனம் உருவானபோதுங்கூட, இலத்தீன் முறைத் திருச்சபையில் ஒரு தமிழரும் ஆயராகவில்லை. கல்லூரி கட்டியவரே அதன் முழுப் பயனைத் தம் பதவிக் காலத்தில் காணவில்லை. 1916-இல் அந்தியோக்கியாவின் பட்டப் பிதாப்பிதாவாக உயர்த்தப்பட்டு ஐரோப்பா திரும்பிய அவர், 1925-இல் ரோமாபுரியில் காலமானார். அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர், 1923-இல், திபூர்சியுஸ் ரோச் தூத்துக்குடியின் ஆயரானார். அச்செய்தியைக் கேட்கும் பேறு மட்டும் சலெஸ்கிக்கு எஞ்சியிருந்தது.

மலாயாவிலோ இன்னும் நெடுநாள் ஆயிற்று. ரப்பர் வந்து கரும்பை அகற்றியது. உலகப் போர் வந்து போயிற்று. 1955-இல்தான் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் தனித்தனி மேற்றிராசனங்கள் அமைந்து, பிரான்சிஸ் சான், டொமினிக் வெண்டார்கன் என்னும் ஆசிய ஆயர்கள் பொறுப்பேற்றனர். அவ்வாண்டிலேயே கண்டிக் கல்லூரி இந்தியாவின் பூனா நகருக்கு மாறியது. பேராக் அடங்கிய பினாங்கு மேற்றிராசனத்துக்கு 1983 முதல் 2012 வரை ஆயராயிருந்தவர் அந்தோணி செல்வநாயகம். அதற்குள் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மக்கள் ஈப்போ முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்திருந்தனர்.

மலேசியாவும் வத்திக்கானும் 2011-இல் தூதரக உறவு பூண்டன. 2013-இல் நாட்டிலேயே தங்கிப் பணிபுரியும் முதல் தூதராக ஜோசப் மரினோ நியமிக்கப்பட்டார். அரசாங்கத்திடம் நற்சான்றுப் பத்திரம் அளிக்கும் அத்தகைய பெருமை சலெஸ்கிக்கு வாய்க்கவில்லை. எனினும் உடன்படிக்கைகள் காலத்தோடு மாறக்கூடியவை; மக்கள் தம் மொழியில் தம்மவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும் நிலையோ ஒருமுறை வந்துவிட்டால் மாறுவதில்லை. அந்நிலைக்கு வழிதேடியதே சலெஸ்கியின் சாதனை. அது வந்து சேர ஆன காலமே அப்பணியின் கடினத்துக்கு அளவுகோல்.