படியும் தராசும்

நம் குடியிருப்பில் தீபாவளி நெருங்குந்தோறும் ஒரு வழக்கு எழுவதுண்டு. ஊரிலிருந்து வந்த மாமியார், “முறுக்குக்கு ஒரு படி மாவு” என்பார். மும்பையில் பிறந்த மருமகளோ, “அது எத்தனை கிலோ, அத்தை?” என்று வினவுவாள். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. வழக்கின் வேர் நம் வரலாற்றில் இருக்கிறது.

தமிழகத்தில் தானியம் முகந்து அளக்கப்பட்டது. பொன்னும் புளியும் நிறுக்கப்பட்டன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி, அதாவது படி. எட்டு நாழி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், நெல் அளந்த மரக்காலை ‘ஆடவல்லான்’ என்றே பெயரிட்டு அழைக்கின்றன. நிறுத்தலுக்குப் பலமும் வீசையும் வழங்கின.

ஆயினும் படி ஊருக்கு ஊர் வேறுபட்டது. தஞ்சையார்க்கு நாழி என்பது முழுப் படி. மாதுங்காவில் அவர்க்கு அண்டை வீட்டாரான பாலக்காட்டார்க்கோ, அது இடங்கழியில் நான்கில் ஒரு பங்கு. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தோரும் தம் ஊர்ப் படியையே நினைவிற் கொண்டு வந்தனர். பம்பாய்க் கடைவீதியிலோ திப்ரி, சேர், பாயலி என்னும் வேறு அளவைகள். அவற்றுள் சேர் என்பது முகத்தலுக்கும் நிறுத்தலுக்கும் பொதுப்பெயர்!

1943-இல் பம்பாயில் உணவுப் பங்கீடு வந்தபோது, அரிசி எடைக் கணக்கில் அளிக்கப்பட்டது. பின்னர் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபர் முதல் படிப்படியாகப் புகுந்து, 1962 ஏப்ரலில் நாடெங்கும் கட்டாயமாயின. கடைக்காரர் தராசுக்கு மாறினார். அடுக்களையோ ஆழாக்கை விடவில்லை.

இரண்டுக்கும் ஒரே வாய்ப்பாடு உண்டா? இல்லை. 200 மில்லி லிட்டர் கொள்ளும் டம்ளரில் தண்ணீர் 200 கிராம். தலைதட்டிய அரிசியும் உளுத்தம்பருப்பும் சுமார் 165 கிராம்; தூள் உப்பு சுமார் 240; தளர்வாக இட்ட மாவு சுமார் 110 கிராமே. அரிசியும் உளுந்தும் ஏறக்குறைய ஒரே கனமாதலால், இட்லிக்கு ‘நாலுக்கு ஒன்று’ என்பது முகந்தாலும் நிறுத்தாலும் பொருந்தும். மாவுக்கு அரிசியின் எடைக் கணக்கை வைத்தாலோ, ஒன்றுக்கு ஒன்றரைப் பங்கு மாவு சேர்ந்துவிடும். உப்பும் வெண்ணெயும் பற்றாமல் முறுக்கு கெடும். பழி மருமகள்மேல் விழும்!

ஆகவே, அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்று. பரணில் கிடக்கும் பாட்டியின் படியை இறக்குங்கள். அது நிறையத் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை நிறுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி லிட்டர் அதன் கொள்ளளவு. பிறகு பெரியவர்களை அவர்கள் வழக்கப்படியே அளக்கச் சொல்லி, ஒவ்வொரு பண்டத்தையும் நிறுத்து ஏட்டில் எழுதிவையுங்கள். நாம் ரயில்வே அலுவலகத்தில் பிறர் மூட்டைகளின் எடையைப் பதிந்துவைக்கிறோம். நம் தாயாரின் கையளவைப் பதிந்தோமில்லை. அவர் கை ஓய்ந்தபின், அந்த அளவை எந்தத் தராசும் சொல்லாது.