தரங்கம்பாடி ரயில் போன கதை

மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே தரங்கம்பாடி வரைக்கும் ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நம்மில் வயதானவர்கள் அதில் ஏறியிருப்பீர்கள். செம்பொன்னார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று வழியெல்லாம் சின்னச் சின்ன நிலையங்கள். மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர்தான்.

தரங்கம்பாடி சாமானிய ஊரில்லை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1845-ல் இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அப்புறம் 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது பாருங்க, அதோடு சரக்கெல்லாம் நாகைத் துறைமுகத்துக்கே போய்விட்டது. ரயில் இல்லாத துறைமுகத்துக்கு எவன் கப்பலைக் கொண்டுவருவான்? தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926-ல். 65 வருஷம் கழித்து! அதற்குள் துறைமுகம் ஓய்ந்தே போயிருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தஞ்சை ஜில்லாவில் ரயில் போட்டதெல்லாம் வெள்ளைக்காரன் பணம் என்று நினைத்துவிடாதீங்க. 1894-ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குப் போட்ட பாதை ஜில்லா போர்டின் சொந்தப் பாதை. அதற்கென்று நிலத்தின் மேல் தனி வரி போட்டு வசூலித்தார்கள். கொடுத்தது யார்? மிராசுதாரும் குடியானவனும்தான்.

தரங்கம்பாடிப் பாதைக்கு வருவோம். அது மீட்டர்கேஜ். பக்கத்திலேயே ரோடு நன்றாக வந்தது, பஸ்ஸும் பெருகியது. பஸ் வீட்டுவாசலில் நிற்கும். ரயிலுக்கு நிலையம் வரை நடக்கவேண்டும், நேரத்துக்கும் காத்திருக்கவேண்டும். வருமானம் கட்டவில்லை என்று 1986-ல் நிறுத்திவிட்டார்கள். திருக்கடையூரில் 60 முடிந்தால் மணிவிழா நடக்கும். அந்த வழியே ஓடிய ரயிலுக்கோ 60 முடிந்ததும் கதவைச் சாத்தினார்கள்! கணக்குப் பார்த்தவர்கள் டிக்கெட் வசூலைத்தான் பார்த்தார்கள், மூட்டை முடிச்சோடு போன ஏழையின் சௌகரியத்தைப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். திரும்ப ரயில் விடவேண்டும் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் கேட்டிருக்கிறார்கள்.

பழைய பாதையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரயில் நின்றுவிட்டதாலேயே அந்த இடம் யாருக்கும் சொந்தமாகிவிடாது. வரப்பைத் தள்ளிப் போடுமுன், கிழக்கே மேற்கே கிரயம் பேசுமுன், கிராம நிர்வாக அலுவலரிடம் போய் புல எண்ணையும் அ-பதிவேட்டையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்க.